கயிறு பிடித்தவன்

எங்கள் சாத்தான்குளம் கடற்கரை ஊர் அல்ல. பனங்காடும், செக்கச் சிவந்த தேரி மணலும், முருங்கைத் தோட்டங்களும்தான் எங்களுக்கு வாய்த்தவை. ஆனாலும் கிழக்கேயோ தெற்கேயோ கொஞ்சம் போனால் கடல் வந்துவிடும். நாம் போகாவிட்டாலும் கடற்கரைக்காரர்கள் நம்மைத் தேடி வந்துவிடுவார்கள். என் சிறு வயதில் மணப்பாட்டிலிருந்து கருவாட்டுக் கூடையோடு ஒரு கிழவி எங்கள் தெருவுக்கு வருவாள். அவள் புருஷன் வாலிபத்தில் தூத்துக்குடியில் முத்துக் குளித்தவனாம். அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. ஆனால் கிழவியின் வாயில் அது நேற்று நடந்த சமாசாரம் மாதிரி இருக்கும்.

காலில் கல்லைக் கோத்துக்கொண்டு ஆள் இறங்குவான். மூச்சை அடக்கி ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ சிப்பி பொறுக்குவான். கயிற்றை அசைத்தால் மேலே தோணியில் நிற்பவன் உடனே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை யாரிடம் கொடுப்பான் தெரியுமா?

"மச்சினன்ட்டதான் கொடுப்பான். அண்ணன் தம்பின்னா சொத்துக்கு ஆசைப்பட்டு விட்ருவான். பொண்டாட்டியோட தம்பி விடுவானா? அக்கா தாலியில்லா அறுந்துபோகும்!"

இதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். என் அக்காவின் தாலி என் கையில் வந்து நிற்கும் நாள் ஒன்று உண்டு என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அத்தானுக்குக் கருப்பட்டி மண்டி. நாற்பது வருஷமாக மூட்டை தூக்கி, தராசு பிடித்து, கடன் கொடுத்து, கடனை வசூலிக்க முடியாமல் சிரித்துக்கொண்டே வாழ்ந்தவர். போன வருஷம் மண்டியிலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார ஆரம்பித்தார். மதுரைக்கு அழைத்துக்கொண்டு போனோம். இருதயத்தின் ரத்தக் குழாய்களில் மூன்று அடைப்பு. போதாததற்கு ஒரு வால்வும் ஒழுகுகிறது என்றார்கள். மார்பைத் திறந்துதான் சரி செய்ய வேண்டும். அதுவரை சாப்பிட இன்ன இன்ன மாத்திரைகள் என்று ஒரு காகிதமும், ஆபரேஷனுக்கு ஒரு தேதியும் கொடுத்தார்கள்.

மாத்திரைப் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் காலேஜில் இரண்டு வருஷம் படித்தவன்; புஸ்தகம் எழுதுகிறவன்; ஆகவே எழுத்துக் கூட்டி மருந்துப் பெயர் படிக்கத் தகுந்தவன் என்று அக்கா தீர்மானித்துவிட்டாள். புத்தி கெட்டு நானும் பெருமையோடு டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். ஆஸ்பிரின் தொடரலாம், குளோபிடோக்ரெல் என்ற மருந்தை மட்டும் ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். எழுதியும் கொடுத்தார். அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். என் மனசில் நின்றதோ 'ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரையை நிறுத்த வேண்டும்' என்பது மட்டும். வீட்டில் எல்லோரும் ரத்தம் நீர்க்கும் மாத்திரை என்று சொல்லிவந்தது ஆஸ்பிரினை. ஆகவே ஐந்து நாள் முன்னதாக, வெகு ஜாக்கிரதையாக, ஆஸ்பிரினை நிறுத்தினேன். ராத்திரி சாப்பிடும் மாத்திரை கொழுப்புக்கு என்று எண்ணி, தவறாமல் கொடுத்துவந்தேன். அந்த மாத்திரைக்குள் கொழுப்பு மருந்தோடு குளோபிடோக்ரெலும் கூட்டுக் குடித்தனம் செய்கிறது என்பது அட்டையின் முதுகில் எறும்பு எழுத்தில் அச்சாகியிருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டால் தெரிந்திருக்கும். எனக்குக் கண்ணாடி அவசியமில்லை என்பது அப்போது என் கட்சி.

திங்கட்கிழமை ஆபரேஷன். ஞாயிறு சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு சின்னப் பெண் டாக்டர் வந்தாள். மாத்திரை அட்டைகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்போ நிறுத்தினீங்க சார்?"

அவள் விரல் வைத்த இடத்தை அப்போதுதான் பார்த்தேன். உள்ளங்கால் வரை ஜில்லிட்டது.

வாசகர்களிடம் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த ஒரு கணத்தில் "ஐந்து நாள் ஆகிறது" என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். கதை எழுதுகிறவனுக்குப் பொய் நாக்கு நுனியிலேயே இருக்கும். அறைக்குள் அக்கா குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். ஊரிலிருந்து ஜனங்கள் வந்திருக்கிறார்கள். விடிந்தால் ஆபரேஷன். ஒரு மாத்திரை என்ன பெரிசாகச் செய்துவிடும்? மானம் போகாமல் இருந்தால் போதும் என்று தோன்றியது. அத்தான் கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதைக் கண்டார் என்று தெரியவில்லை.

"நேற்று ராத்திரி கொடுத்தேன் அம்மா" என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. பெரிய டாக்டருக்குப் போன் செய்தாள். கால் மணி நேரத்தில் ஆபரேஷன் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று.

அக்கா அழவுமில்லை, திட்டவுமில்லை. "படிச்சவன்னு ஒன்ட்ட கொடுத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து டப்பாவை என் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பெரிய டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். கண்டிக்கத்தான் போகிறார் என்று போனேன். அவரோ ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட ஆரம்பித்துவிட்டார். மருந்தின் பெயரைச் சொன்னால் நீ மறுபடியும் மறப்பாய், காரணத்தைச் சொன்னால் மறக்க மாட்டாய் என்று நினைத்தார் போலும். வாஸ்தவம்தான், இன்று வரை மறக்கவில்லை.

ரத்தத்தில் தட்டணு என்று ஒன்று உண்டு. டெங்குக் காய்ச்சல் புண்ணியத்தில் பிளேட்லெட் என்ற பெயரில் இன்று குழந்தைகளுக்குக்கூட அது தெரியும். ஒரு துளி ரத்தத்தில் கோடிக்கு மேல் இருக்கும். 1880-களின் தொடக்கத்தில் இத்தாலியில் பிட்ஸோஸெரோ என்ற விஞ்ஞானிதான் இது தனி ஜாதி என்றும், காயத்தை அடைப்பது இதன் வேலை என்றும் கண்டு சொன்னார். நல்ல ரத்தக் குழாயின் உட்சுவர் வழவழவென்று இருக்கும். அதன் பக்கத்தில் தட்டணு சாதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். சுவரில் கீறல் விழுந்ததோ, ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டதும் தன் மடியில் இருக்கும் சரக்கை எல்லாம் அவிழ்த்துக் கொட்டி மற்றத் தட்டணுக்களையும் கூப்பிடும். வருகிறவை ஒன்றோடொன்று கைகோத்து ஓட்டையை அடைக்கும். அதோடு அதன் ஜன்மம் முடிந்தது.

"இவ்வளவு நல்ல குணம் உள்ளதற்கு என்ன ஆபத்து?" என்று கேட்டேன்.

"அந்தக் குணம்தான் ஆபத்து" என்றார் டாக்டர்.

இருதயத்தை நிறுத்தி வைத்து வேலை செய்யும்போது, அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு யந்திரம் ஏற்றுக்கொள்கிறது. உடம்பின் ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, பிராணவாயு ஏற்றிக்கொண்டு, பம்பினால் தள்ளப்பட்டு மறுபடியும் உடம்புக்குள் போகிறது. நிமிஷத்துக்கு நாலைந்து லிட்டர். வழியெல்லாம் பிளாஸ்டிக். பிராணவாயு ஏற்றும் பெட்டிக்குள் மட்டும் முடி போன்ற குழல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றைப் பிரித்து விரித்தால் ஏறக்குறைய இரண்டு சதுர மீட்டர், அதாவது ஓர் ஆள் படுக்கும் பாயின் அளவு வரும். அந்தப் பாயின் மேல் ரத்தம் பட்ட சில விநாடிகளுக்குள் ரத்தத்தில் உள்ள ஒரு புரதம் போய்ப் படிகிறது. அதைப் பார்த்த தட்டணு, 'ஐயோ, பெரிய காயம்!' என்று நினைத்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினவை போக, தொட்டுவிட்டு மீண்டவையும் சரக்கை இழந்து வெறும் மடியோடு உடம்புக்குத் திரும்புகின்றன. யந்திரத்தை நிரப்பப் பயன்படும் ஒன்றரை லிட்டர் அளவு திரவத்தினால் ரத்தம் வேறு நீர்த்துப்போகிறது. எல்லாம் சேர்ந்து தட்டணுக் கணக்கு ஏறக்குறையப் பாதியாகக்கூடக் குறையலாம். பொய்க் காயத்துக்குத் தட்டணு செலவாகிவிடுகிறது. டாக்டர் கத்தியால் போட்ட நிஜக் காயத்தை அடைக்க ஆள் இல்லை. ஆபரேஷன் முடிந்தபின் ரத்தம் கசிந்துகொண்டே இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

"குளோபிடோக்ரெல் என்ன செய்கிறது? ஒரு தட்டணு கூப்பிட்டால் இன்னொன்றின் காதில் விழாதபடி செய்கிறது. அடைப்பு உள்ளவருக்கு அது நல்லது. சமயத்தில் உயிரையே காப்பாற்றும். ஆகவே நாங்கள் சொல்லாமல் நீங்களாக நிறுத்துவதும் தப்பு. ஆனால் யந்திரத்துக்குள் போகும்போது, பாதித் தட்டணுவை யந்திரம் கெடுக்கும், மீதியை மாத்திரை செவிடாக்கியிருக்கும். பிறகு காயத்துக்கு யார் வருவார்கள்?"

ஐந்து நாள் கணக்கையும் சொன்னார். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. ஒரு பாகம் பழுதானால் புதிதாகச் செய்துகொள்ளத் தெரியாது; செவிடானால் சாகிற வரை செவிடுதான். ஆயுசு ஏழிலிருந்து பத்து நாள். தினமும் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு இறந்து, எலும்பு மஜ்ஜையிலிருந்து புதுசு வருகிறது. ஐந்து நாள் பொறுத்தால் பாதியாவது காது கேட்கும் தட்டணுவாக இருக்கும். என் அஜாக்கிரதையால் அத்தானின் எலும்புகள் ஐந்து நாள் உழைக்க வேண்டியிருந்தது.

அந்த ஐந்து நாளும் நான் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு லாட்ஜில் இருந்தேன். அக்கா என்னோடு பேசவில்லை. பேசாதவளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைவிடப் புஸ்தகம் படிப்பது சுலபமாக இருந்தது.

1931-ல் பாஸ்டன் நகரத்தில் கிப்பன் என்ற இளம் டாக்டர், நுரையீரல் குழாயில் ரத்தக் கட்டி அடைத்த ஒரு பெண்ணின் படுக்கை அருகே இரவெல்லாம் விழித்திருந்தார். அவள் பிழைக்கவில்லை. கறுத்துப்போகும் அந்த ரத்தத்தைக் கொஞ்ச நேரம் வெளியே எடுத்துச் சிவப்பாக்கி உள்ளே விட முடிந்தால் என்று அவர் அன்று நினைத்தார். பிறகு மனைவியையும் துணைக்கு வைத்துக்கொண்டு வருஷக் கணக்கில் பூனைகளை வைத்துச் சோதனை செய்தார். 1953 மே 6-ஆம் தேதி பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண் ஒருத்தியின் இருதயத்தில் இருந்த ஓட்டையைத் தைத்தார். 26 நிமிஷம் அவளுடைய இருதயமும் நுரையீரலுமாக யந்திரமே இருந்தது. ஒரு இரவு கண் விழித்ததற்கு 22 வருஷம் பிடித்தது.

அதற்கு அடுத்த வருஷம் மின்னியாபோலிஸில் லில்லிஹை என்பவர் இன்னொரு வழி கண்டார். யந்திரமே வேண்டாம், குழந்தையின் ரத்தக் குழாயைத் தகப்பனின் ரத்தக் குழாயோடு இணைத்து, தகப்பனுடைய இருதயத்தையும் நுரையீரலையும் கொண்டே குழந்தையை வாழவைத்து ஆபரேஷன் செய்தார். பக்கத்துப் பக்கத்து மேஜையில் அப்பாவும் பிள்ளையும். இதைப் படித்தபோது புஸ்தகத்தை மூடிவிட்டு வெகு நேரம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணப்பாட்டுக் கிழவி இருந்திருந்தால் "கயிறு பிடிக்கச் சரியான ஆளாத்தான் பிடிச்சிருக்கான்" என்று சொல்லியிருப்பாள்.

நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் செரியன் இருதயப் பைபாஸ் ஆபரேஷன் செய்து இந்தியாவில் அதற்கு வழி திறந்தார். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரா நிலையத்தார் நம் நாட்டிலேயே செயற்கை வால்வு செய்து 1990-ல் ஒரு நோயாளிக்குப் பொருத்திக் காட்டினார்கள்.

தட்டணுவைக் காப்பாற்றவும் உலகமெங்கும் மல்லாடியிருக்கிறார்கள். முதலில் பிராணவாயுவைக் குமிழி குமிழியாக ரத்தத்துக்குள்ளேயே விட்டார்கள். குமிழி ரத்தத்தை அடித்துத் துவைத்தது. அதை விட்டுவிட்டு, நடுவில் ஒரு சவ்வை வைத்து, காற்று ஒரு பக்கம் ரத்தம் மறு பக்கம் என்று பிரித்தார்கள். 1976-ல் இங்கிலாந்தில் வேன் என்பவரும் அவருடைய சகாக்களும், ரத்தக் குழாயின் சுவரே ஒரு பொருளைச் சுரந்து 'இங்கே காயம் இல்லை, போய் வா' என்று தட்டணுவுக்குச் சொல்லுகிறது என்று கண்டுபிடித்தார்கள். பிராஸ்டாசைக்ளின் என்பது அதன் பெயர். வேனுக்கு 1982-ல் நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. தட்டணுவுக்கே மயக்க மருந்து கொடுத்து, யந்திரப் பிரயாணம் முடிந்ததும் எழுப்பிவிடலாம் என்று அதை ஆபரேஷனில் கொடுத்துப் பார்த்தார்கள். தட்டணு பிழைத்தது, ஆனால் நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்கிற்று. ஆகவே அது எங்கும் பழக்கத்துக்கு வரவில்லை.

இப்போது செய்வதெல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள். குழாயின் நீளத்தைக் குறைப்பது. உள்ளே ஹெப்பாரின் போன்ற பூச்சுப் பூசி, பிளாஸ்டிக்கைச் சொந்தச் சுவர் மாதிரி தோன்றச் செய்வது. உறிஞ்சுகுழாயை மட்டாக உபயோகிப்பது. 1960-களில் ஒகமோட்டோ என்ற ஜப்பானியத் தம்பதி கண்டுபிடித்த டிரானெக்ஸாமிக் அமிலத்தைக் கொடுத்து, உறைந்த ரத்தம் அவசரமாகக் கரைந்துவிடாமல் காப்பது. முடிந்தால் யந்திரமே இல்லாமல், துடிக்கும் இருதயத்தின் மேலேயே தையல் போடுவது. அத்தானுக்கு வால்வும் பழுதானபடியால் அந்தக் கடைசி வழி கிடையாது.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் கடல் ஞாபகம் வந்தது. சிப்பிக்குள் அயல் பொருள் ஒன்று புகுந்துவிட்டால் சிப்பி அதன் மேல் பூச்சுப் பூசிப் பூசி முத்தாக்கிவிடுகிறது. தூத்துக்குடியில் 1973-ல் மத்திய மீன் ஆராய்ச்சிக்காரர்கள் சிப்பிக்குள் தாங்களே மணியை வைத்து முத்து விளைவித்தார்கள். தட்டணு செய்வதும் ஏறக்குறைய அதுதான்; அயல் பொருளைக் கண்டதும் போய் மூடப் பார்க்கிறது. சிப்பிக்கு அந்தக் குணத்தால் பெயர் கிடைத்தது. தட்டணுவுக்கு அதனாலேயே அழிவு வந்தது. நல்லவர்கள் இடம் தெரியாமல் நல்லது செய்தால் இதுதான் கதி போலும்.

இன்னொரு சங்கதியும் தெரிந்துகொண்டேன். யந்திரத்துக்குள் ரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து வருகிறது. ஆபரேஷன் முடிந்ததும் அதை முறிக்கக் கொடுக்கும் புரோட்டமின், சால்மன் மீனின் விந்திலிருந்து எடுக்கப்பட்டது. அக்கா அந்த வாரம் முழுக்கத் திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டு மீன் கருவாடு என்ற பேச்சையே விலக்கியிருந்தாள். ஆகவே இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஊரிலிருந்து நாலு பையன்கள் பஸ் ஏறி வந்து ரத்தம் கொடுத்தார்கள். அவர்களில் மண்டிக்குப் பக்கத்துக் கடைப் பையன் ஒருவன் தட்டணு மட்டும் தனியாகக் கொடுத்தான். ஒரு கையிலிருந்து ரத்தம் போய், யந்திரம் தட்டணுவைப் பிரித்துக்கொண்டு, மீதி திரும்பி வருகிறது. அந்தப் பையை எங்கே வைக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். குளிர்பெட்டியில் இல்லை. சாதாரண அறைச் சூட்டில், ஓயாமல் ஆடும் ஒரு தட்டின் மேல் வைத்திருந்தார்கள். நிறுத்தினால் கெட்டுப்போகுமாம். ஆட்டிக்கொண்டே இருந்தாலும் சாதாரணமாக ஐந்து நாள்தான் வைத்திருக்கிறார்கள். தொட்டில் குழந்தை மாதிரி அந்த இளமஞ்சள் பை ஆடிக்கொண்டிருந்தது. அங்கேயும் ஐந்து நாள்!

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அத்தானை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். யந்திரத்தை இயக்குகிறவர் ஒல்லியான மனுஷர், டீக்கடையில் அறிமுகமானவர். "நான் கத்தியைத் தொடுவதில்லை சார். பம்பையும் அளவுகளையும் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒரு நிமிஷம் கண்ணை எடுக்க முடியாது" என்று முதல் நாள் சொல்லியிருந்தார். தோணியில் நிற்கிறவர் இவர்தான் என்று தெரிந்துகொண்டேன். அத்தான் எந்த ஆழத்தில் இருக்கிறாரோ, கயிறு இப்போது என் கையிலும் இல்லை, அக்கா கையிலும் இல்லை. வராந்தாவில் அவள் ஒரு பெஞ்சு, நான் ஒரு பெஞ்சு.

ஐந்து மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. பெரிய டாக்டர் வெளியே வந்தார். முகத்திரையை இறக்கிக்கொண்டே, "நல்லபடியாக முடிந்தது. கசிவு ரொம்பக் குறைவு. உங்கள் ஊர்ப் பையன் கொடுத்த தட்டணுவுக்கு இதுவரை தேவை வரவில்லை" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அன்றைக்கு நீங்கள் உண்மையைச் சொன்னது நல்லதாகப் போயிற்று" என்று மட்டும் சொன்னார்.

அக்கா அதைக் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்துத் தன் தூக்குப் பாத்திரத்திலிருந்து ஒரு டம்ளர் காபியை ஊற்றி, என் பெஞ்சில் கொண்டுவந்து வைத்தாள்.

அடுத்த நாள் சாயங்காலம் வரை அந்தப் பைக்கு அவசியமே நேரவில்லை. வேறு வார்டில் யாருக்கோ தேவைப்பட்டது; கொடுத்துவிட்டார்கள். யாருக்கு என்று தெரியாது. எங்கள் ஊர்ப் பையனின் தட்டணு, எங்கள் ஊரைப் பார்த்திராத ஒருவருடைய காயத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பத்து நாள் கழித்துச் சாத்தான்குளம் வந்து சேர்ந்தோம். அன்று இரவு அத்தான் திண்ணையில் சாய்ந்திருந்தார்.

"மாப்ளே, அன்னைக்கு அந்தப் பொண்ணு கேட்டப்ப நீ முழிச்ச முழி இருக்கே! பொய்தான் சொல்லப் போறேன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைத்தேன் அத்தான்."

அவர் சிரிக்கப் போய், மார்புத் தையல் வலித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து அக்கா வந்தாள். கையில் மருந்து டப்பா. பதினைந்து நாளாக அவள் மடியை விட்டு இறங்காத டப்பா. அதை என் மடியில் வைத்தாள். அதன் மேல் புதுசாக ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு இருந்தது. மதுரையில் எப்போது வாங்கினாளோ தெரியாது.

"ஏல, கண்ணாடியப் போட்டுட்டு எடுத்துக் கொடு" என்றாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையின் முதுகைத் திருப்பினேன். எறும்பு எழுத்தெல்லாம் தெரிந்தது.